மேடையைத் திருப்பிய மாடுகள்

குர்ராவாங்,
டிசம்பர் 1874

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

மகள் அகஸ்டா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஏழு வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டது.

சேதிக்கு வருகிறேன். உங்கள் மருமகன் ரோரி ஜெயித்துவிட்டார்! பண்ணை முதலாளி லாங்டனைத் தோற்கடித்து, இந்த ஆற்றுத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மாட்டுக்காரன் ஜெயித்தான்' என்று உங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதியிருக்கும். மாட்டு வண்டியில் கம்பளி மூட்டை ஏற்றியதெல்லாம் பழைய கதை. மாடுகளை லாங்டனுக்கே விற்றுவிட்டு, வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகு ஒன்றைப் போட்டார். அந்தப் படகுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவர் ஆற்றுக்குப் பாலம் வேண்டும் என்று தேர்தலில் நின்றால், சொந்த அடுப்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறானே என்று ஊர் சிரிக்காதா?

காரணத்தை உங்களுக்கு முன்பே எழுதியிருந்தேன். அந்த வெள்ளத்தில் நம் லூசிக்குத் தொண்டை அடைத்துக்கொண்டபோது, டாக்டர் பையோடு அக்கரையில் நின்றார். இவர் படகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஆறு விடவில்லை. ஊரையே கரை சேர்த்தவரால் பெற்ற மகளுக்கு ஒரு டாக்டரைக் கொண்டுவர முடியவில்லை. லூசி எங்களை விட்டுப் போய்விட்டாள். அந்தக் கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை.

போகட்டும், சந்தோஷமான கதையைச் சொல்கிறேன். ஓட்டல் வாசலில் நிறுத்திய மாட்டு வண்டிதான் இங்கே பிரசார மேடை. இவர் ஏறிப் பேச ஆரம்பித்ததுமே லாங்டனின் ஆள் ஒருவன் கத்தினான்: "ஏய் மாட்டுக்காரா, சட்டசபைக்குப் போய் யாரை ஓட்டப் போற?" இவர் அசரவில்லை. "அங்கயும் மாடுங்கதான் இருக்காம் அண்ணே. என்ன, ஒண்ணா சேந்து இழுக்கத்தான் தெரியாதாம்!" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அதுதான் லாங்டனின் மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. பேசுகிறவனை வண்டியோடு இழுத்துக்கொண்டு போய் ஊர்க்கோடியில் விட்டுவிடுவது இங்கே ஒரு பழைய குறும்பு. அப்படிப் போனவன் திரும்பி வரலாம். ஆனால் அவனுக்கு யாரும் ஓட்டுப் போடமாட்டார்கள். மேஸ்திரி சத்தமில்லாமல் மாடுகளைப் பூட்டிச் சவுக்கை வீசினான். வண்டி குலுங்கியது. இவர் தொப்பி ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வானத்தைத் தொட்டது. லூசிக்குப் பின் பிறந்த கைக்குழந்தையோடு நின்ற எனக்கு மானம் போயிற்று. பாலமும் போயிற்று என்றே நினைத்தேன்.

ஆனால் அந்த மேஸ்திரி புதியவன். அவன் பூட்டியது ரோரி விற்ற மாடுகளை! இவர் மெல்ல எழுந்து, தூங்கும் பிள்ளையை எழுப்புகிற குரலில் கூப்பிட்டார்: "டேய் டியூக், எங்கடா போற? நில்லு."

மாடுகள் நின்றுவிட்டன. மேஸ்திரி கத்தினான், சவுக்கைச் சொடுக்கினான். ஒன்றும் அசையவில்லை. "நாபி, திரும்பு ராசா. வீட்டுக்கு வா" என்றார் இவர். டியூக், நாபி என்ற அந்த முன்மாடுகள் இரண்டும் திரும்ப, மற்றவை பின்னாலேயே திரும்பின. மேஸ்திரி புழுதியில் விழுந்தடித்து ஒதுங்கினான். வண்டி பழைய இடத்திலேயே வந்து நின்றது. வசவுக்கே பேர்போன மாட்டுக்காரன் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தைகூட வராததைக் கண்டு எங்கள் பாதிரியாரே வாயைப் பிளந்தார்.

இவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "எங்க விட்டேன்? ஆங், பாலம்" என்றார்.

அவ்வளவுதான், அப்பா! "தொரையோட மாடே உனக்குத்தான்யா ஓட்டுப் போடுது!" என்று எவனோ கத்த, ஊரே ஆர்ப்பரித்தது. முடிவு சொன்ன அன்று இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். லாங்டனே வந்து கை கொடுத்து, "அந்த மாடுங்களையும் நீயே ஓட்டிட்டுப் போய்யா, இனி என் பேச்சை எங்க கேக்கப் போகுதுங்க" என்றார். நான் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன்.

அடுத்த மாதம் அவர் சட்டசபைக்காகச் சிட்னிக்குப் புறப்படுகிறார். குதிரை மாற்ற உங்கள் ஊரில் கோச்சு வண்டி நிற்குமாம். உங்களை வந்து பார்ப்பாராம். வேண்டாம் என்று சண்டை போட்டேன். "லூசிக்குத் தாத்தாடி அவர்" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். அன்று பெண் கேட்டு வந்தவரை, தொப்பியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினீர்கள். அவர் அதை மறந்துவிட்டார். எனக்குத்தான் மறக்கவில்லை.

சட்டமன்ற உறுப்பினருக்காகக் கதவைத் திறக்க வேண்டாம், அப்பா. அந்த மரியாதையை ஊர் கொடுத்துவிட்டது. இந்த முறையும் அவர் தானாக உள்ளே வரமாட்டார். அதே கேட்டருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார். வேலைக்காரியை அனுப்பாதீர்கள். நீங்களே போய், பேர் சொல்லி, உள்ளே கூப்பிடுங்கள்.

கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

என்றும் உங்கள் மகள்,
அகஸ்டா டெவின்