முற்றத்தில் ஒரு நீச்சல் தடாகம்

ஊர்காவற்றுறை

யூலியானாவின் அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை. லீவு முடிந்து கத்தார் திரும்பும் றொஜனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முற்றத்தில், நிலத்துக்கு மேலே பொருத்தும் நீச்சல் தடாகம் ஒன்று வாங்கிப் பூட்டியிருக்கிறேன். தடாகம், நிலம் மட்டமாக்கிய கூலி, பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீர் எல்லாமாக இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் முடிந்தது. உங்கள் வள்ளத்து இஞ்சினுக்குச் சேர்த்த காசுதான்.

"சுத்திவரக் கடல் கிடக்குது, உனக்கு முத்தத்திலை தொட்டி கேக்குதோ?" என்று பக்கத்து வீட்டு மேரி ஜோசபின் அக்கா சிரித்தா.

"அலைக்குள்ளை பிள்ளைக்கு நிக்க ஏலாது அக்கா. தண்ணிக்குள்ளை நடந்து பழகினால்தான் காலுக்குப் பலம் வருமெண்டு டாக்குத்தர் சொன்னவர்."

பிறகு அவவே வந்து பிள்ளையைத் தூக்கி இறக்கினா.

நேற்றுப் பின்னேரம் நெஞ்சளவு தண்ணீரில் நின்று, "அம்மா, கையை விடுங்கோ" என்றாள். விட்டேன். தனியே நாலு அடி நடந்தாள். நான் உடுப்போடு உள்ளே நின்று அழுதேன், சிரித்தேன்.

நத்தார்ப் பண்டிகையோடு வந்து வள்ளம் ஓட்டலாம் என்றிருந்தீர்கள். இனி இன்னொரு வருடம் அங்கே நிற்க வேண்டிவரும். எனக்குத் தெரியும். ஏசுவதென்றால் என்னை ஏசுங்கோ. அதற்கு முதல் பிள்ளையைக் கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை அடி என்று கேளுங்கோ. இது உங்கள் கைக்கு வரும்போது நாலு என்று சொல்லமாட்டாள்.

அன்புடன்,
பிள்ளையின் அம்மா