திரைக்குப் போட்ட எண்

செவ்வாய், இரவு.

எர்ணாவூர் ஸ்கேன் சென்டரில் டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும் திரையின் வெளிச்சத்தைக் காலையில் அளந்தேன். என் பழைய மீட்டர் ஃபுட்-லாம்பர்ட் என்ற பழைய அளவில்தான் காட்டும். திரை தேறியது என்று சான்று கொடுக்கும் ஃபாரத்தில் நிட்ஸ் என்ற அளவில் கேட்கிறார்கள். நாற்பது காட்டியது, 10.76-ஆல் பெருக்கி 430 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி சோறு பிசையும்போதுதான் உறைத்தது. அந்த 10.76 அறை வெளிச்சத்தை லக்ஸாக மாற்றுகிற எண். திரைக்கு 3.43. அப்படியென்றால் வெறும் 137; குறைந்தது 350 வேண்டும். அந்த மங்கலில் நெஞ்சுப் படம் பார்க்கவே கூடாது.

எக்ஸ்ரே எடுக்கும் மேரிக்கு போன் செய்தேன். "டாக்டர் அல்லா படத்தையும் பாத்து முட்ச்சிட்டாருக்கா. இன்னா விஷயம்?"

காலையில் வெளியே இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த காசிமேட்டு மீன்கார அம்மா, "மிசின் நல்லா கீதா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். நல்லா இருக்கும்மா என்றேன். அவர் நெஞ்சுப் படத்துக்கு ரிப்போர்ட் என்ன வந்தது என்று மேரியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு வந்துச்சுக்கா. சிரிச்சிகினே வூட்டுக்குப் போச்சு."

சரி என்றேன். எதற்கு போன் செய்தேன் என்று சொல்லாமலே வைத்துவிட்டேன்.