நம் இருவரிடமும் இருந்த சின்ன எழுத்து

மாமா,

பெரியவன் மகன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னவன் மகள் பன்னிரண்டாவதில் உயிரியலில் பள்ளிக்கே முதல். இன்று காலை அவளுடைய நோட்டைப் புரட்டினேன். நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. அவள் அதை விளக்கியதிலிருந்து, உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சின்னவன் பிறந்தபோது ஆரம்பாக்கம் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. நாம் இருவரும் கருப்பு, மூத்தவனும் கருப்பு. இவனுக்கு மட்டும் தோல், தலைமயிர், இமை எல்லாம் வெள்ளை. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேண்டீனில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த காலம். மெஷின் பொருத்த ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். ஊருக்கு அது போதும்.

"இன்னாடி, அந்தாளுக்கு ரசம் மட்டும்தான் ஊத்துனியா?" என்று குழாயடியில் கேட்டுச் சிரித்தார்கள்.

நீங்கள் ஒரே ஒரு முறை கேட்டீர்கள். "உண்மைய சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"உன் புள்ளதான் மாமா" என்றேன்.

எழுந்து வெளியே போனீர்கள். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெயிலில் அவனுக்குக் கண் கூசும் என்று, தலையில் துண்டைப் போர்த்தி, பத்து வயது வரை பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனீர்கள். "உன் புள்ளைக்குக் கால் இல்லியா?" என்று யாராவது கேட்டால், "வெயில் இருக்குதே" என்பீர்கள்.

இன்று பேத்தி சொன்னாள்: "ஆயா, அம்மா ஒரு எழுத்து, அப்பா ஒரு எழுத்து குடுப்பாங்க. பெரிய எழுத்து ஒண்ணு இருந்தாலே கருப்பு. சின்னது உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும். எங்கப்பாவுக்கு ரெண்டுமே சின்னது. அப்போ உன்கிட்ட ஒண்ணு, தாத்தாகிட்ட ஒண்ணு கண்டிப்பா இருந்துச்சி. வெள்ளைக்காரங்க வெள்ளை வேற, இது வேற. நீ தாய்மாமனைத்தான கட்டிக்கினே? ஒரே குடும்பம். அதான் ரெண்டு பேருக்கும் வந்துருக்குது."

ஐந்தாவது வரை படித்த எனக்கே அது புரிந்தது. பிள்ளையின் நிறத்தை வைத்து, இறந்துபோன மனிதருக்குள் என்ன இருந்தது என்று ஒரு பெண் பென்சிலால் எழுதிக் காட்டுகிறாள். ஊரார் கம்பெனி கேட் வரை போய்த் தேடியது, நம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் அவளால் போட்டுக் காட்ட முடியாது. அன்று நான் சொன்னதை நம்பித்தான் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்களா, நம்பாமலே நடந்தீர்களா? நம்பாமல் என்றால், அத்தனை வருஷம் எப்பேர்ப்பட்ட மனிதரோடு வாழ்ந்தேன் என்பதே எனக்கு இன்றுதான் தெரிகிறது.