சட்டையின் வெள்ளை நிழல்

மார்ச் 4, செவ்வாய்

வகுப்பில் இன்று கேமராவைத் தொடவே விடவில்லை. "கேமரா இல்லாமலும் படம் எடுக்கலாம். மொதல்ல அதக் கத்துக்குங்க" என்றார் மாஸ்டர். இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும். வெளிச்சம் படாத போட்டோ தாளின் மேல் ஒரு பொருளை வைத்து, மேல்விளக்கை ஒரு கணம் போட்டு அணைத்து, தாளை டெவலப்பர் மருந்துத் தட்டில் அமிழ்த்த வேண்டும். பொருள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. மற்றதெல்லாம் கறுத்துவிடுகிறது. நான் வீட்டுச் சாவியை வைத்தேன். பக்கத்து மேசைப் பெண் (வாயாடி என்று மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன்) தன் மூக்குக்கண்ணாடியையே கழற்றி வைத்துவிட்டு, கண் தெரியாமல் என் தட்டுக்குள் கையை விட்டாள். "ஐயோ அக்கா, இது உங்க தட்டா?"

வெகுநாள் கழித்துச் சிரித்தேன். சிரித்த பிறகு என்னவோ தப்புப் பண்ணிவிட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 5

இந்த வயசில் எதற்கு இந்தப் படிப்பு என்று நேற்று மாஸ்டர் கேட்டார். "பொழுது போகல" என்றேன். பொய்.

என் மகளுக்கு ஒரு படம்கூட இல்லை. பிறந்து ஒரு மணி நேரம்கூட அவள் இருக்கவில்லை. ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தேன் நான். கண் விழித்தபோது எல்லாம் முடிந்து, அடக்கமும் செய்திருந்தார்கள். அவளைப் பார்த்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். கேட்டால், "விடும்மா." அவ்வளவுதான். அதற்கு மேல் வாயில் பூட்டு.

மார்ச் 16, ஞாயிறு

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் பிள்ளைக்கென்று வாங்கியதையெல்லாம் நாத்தனார் அள்ளிக்கொண்டு போயிருந்தாள். கண்ணில் படக்கூடாதாம். நல்ல எண்ணம்தான். ஆனால் பீரோ இழுப்பறைக்குப் பின்னால் ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. இன்று துடைக்கும்போது கையில் சிக்கியது. முதுகில் முடிச்சுப் போடும் சின்னச் சட்டை. என் உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும்.

மார்ச் 18, செவ்வாய்

தாளின் மேல் சட்டையை விரித்தேன். விளக்கைப் போட்டேன். டெவலப்பரில் மெதுவாக எழுந்து வந்தது. மெல்லிய துணி, வெளிச்சம் உள்ளே புகுந்து நூல் நூலாக விழுந்திருந்தது. முடிச்சுக் கயிறு இரண்டும் அப்படியே. உள்ளேதான் ஆளில்லை.

வாயாடி எட்டிப் பார்த்தாள். "யாரோடது அக்கா?"

"என் பொண்ணோடது."

"அழகு! எத்தன வயசு?"

தட்டை அலசப் போகிறவள்போல எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 19

குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுப் படத்தைக் காய வைத்திருந்தேன். அவர் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்தவர், கிரீஸ் கையைக் கழுவப் போனார். சோப்பு நுரையோடு அப்படியே வெளியே வந்தார்.

"இத எதுக்கு இங்க மாட்டி வச்சிருக்க?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "வேற என்ன இருக்கு எங்கிட்ட? போன் உங்க பையிலதானே இருந்துச்சு? ஓடாத லிஃப்டையெல்லாம் வளைச்சு வளைச்சுப் படம் எடுத்து வச்சிருக்கீங்க. பெத்த பொண்ண ஒண்ணே ஒண்ணு எடுக்கத் தோணலயா? கல்லு நீங்க, கல்லு!"

சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

மார்ச் 21

பேச்சு இல்லை. தட்டு வைக்கும் சத்தம், குழாய்ச் சத்தம்.

மார்ச் 23, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துத்தான் பேசினார்.

"நர்ஸம்மா என் கையில குடுத்தாங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்னு சொன்னாங்க. போனை எடுக்கணும்னா ஒரு கைய எடுக்கணும். எனக்கு ஒத்தக் கையில பிள்ளையப் பிடிக்கத் தெரியாதே. அவளக் கீழ வச்சாத்தான் முடியும். மனசு வரல. கடைசி வரைக்கும் நான் கீழ வைக்கல."

இவரைப் போய்க் கல் என்றேனே. நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடித்த துணியெல்லாம் கீழே சரிந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இந்த வாரம் தகர டப்பா கேமரா. லென்ஸ் கிடையாது, ஊசித்துளைதான். உள்ளே தாளை ஒட்டி, துளையை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். எதிரே இருப்பவர் இம்மிகூட அசையக் கூடாது.

மார்ச் 30, ஞாயிறு

"எப்படிப் பிடிச்சிருந்தீங்க அவள?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இடது கையை மடித்தார், வலது கையை அதன்கீழ் கொடுத்தார். குனிந்துகொண்டார். நான் வகுப்பிலிருந்து கொண்டுவந்த டப்பாவை ஸ்டூலில் வைத்துத் துளையைத் திறந்தேன். "அசையாதீங்க."

முதலில் நன்றாகத்தான் இருந்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் துளையை மூடியிருக்கலாம். மூடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜன்னல் கம்பியும் நாற்காலிக் காலும் கூர்மையாக விழுந்திருக்கின்றன. முகமும் கைகளும் புகை மாதிரி. மாஸ்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "ஆள் அசைஞ்சுட்டாரும்மா. இன்னொரு தடவ எடுத்துடுங்க."

"வேணாம் மாஸ்டர். இதுவே இருக்கட்டும்."

ஏப்ரல் 9

காலையில் வேலைக்குக் கிளம்பியவர், வாசலில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டே, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: "அவ காது உன் காதுதான். கீழ்நுனி கன்னத்தோட ஒட்டின காது."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் போய் நின்றேன். முடியை ஒதுக்கிவிட்டு என் காதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.