ரதி அழும் இடத்துக்கு ஒரு உடுக்கை

மெஷினை இன்று இடம் மாற்றிப் போட வேண்டியிருந்தது. அடியில் கிடந்த மஞ்சள் தூளைப் பெருக்கியபோது பலாமர வாசம் குப்பென்று வந்தது. நான் இப்போது வெட்டுவதெல்லாம் பெயர்ப்பலகைகள்தான், அதுவும் படாக் மரத்தில். சிவப்புத் தூள்தான் பறக்கும். அந்த மஞ்சள் உன்னுடையது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஹேடோ துறைமுகத்துப் பக்கம் என் தகரக் கொட்டகைக்கு நீ முதன்முதலில் வந்தது ஞாபகமிருக்கிறதா? பலகையில் எழுத்து வெட்டும் சின்னக் கம்ப்யூட்டர் மெஷின் ஒன்றை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவழைத்து, ஊரிலேயே பெரிய ஆள் நான்தான் என்ற நினைப்பில் இருந்த காலம். ஜெட்டியில் சுமை இறக்கி முடித்து, தோளில் ஒரு பலாக்கட்டையோடு வந்து நின்றாய்.

"பாய், இதுல உடுக்கு செஞ்சு தருவீங்களா?"

இது தட்டைப் பலகையைத்தான் வெட்டும், உருண்டைக்கு வழியில்லை என்றேன்.

"அப்ப கட்டைய சுத்த வைங்க" என்றாய், ரொட்டியைத் திருப்பிப் போடச் சொல்வது மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரிதானே!

நீ கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து ஆள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அங்கே குடியேறிய உன் பெற்றோர் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். மாசியில் கூத்து. மன்மதன் எரிந்து, ரதி அழும் இடம் வந்தால் தப்பு மேளமெல்லாம் ஓய்ந்துவிடும். உன் வீட்டு உடுக்கை மட்டும் பேசும். அப்பாவுக்குப் பிறகு அதைத் தட்டிப் பாடியவன் நீ. சுனாமி உன் மனைவியைக் கொண்டுபோனது, உடுக்கையையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு தங்கையோடு இங்கே வந்து சேர்ந்த நீ வாயைத் திறந்து பாடவில்லை. உனக்குத் தெரியாமல் உன் தங்கை ஒருநாள் என்னிடம் வந்தாள். "அண்ணன் இன்னும் அழவே இல்ல பாய். அந்தப் பாட்டப் பாடுனாத்தான் அழும். அழுதாத்தான் மனுசனாகும்" என்றாள். அன்றிலிருந்து அந்த உடுக்கை எனக்கும் வீம்பாகிவிட்டது.

பழைய இரும்புக் கடையில் லேத் சக் ஒன்று கிடைத்தது. கட்டையின் ஒரு முனையை அது கவ்விக்கொள்ளும். மறுமுனையைத் தாங்க, டிங்கி படகு இன்ஜினிலிருந்து கழற்றிய ஒரு பேரிங். மெஷினில் குறுக்கே ஓடும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி, கட்டையைச் சுற்றும் மோட்டாருக்குக் கொடுத்தேன். மோட்டாரையும் லேத் சக்கையும் இணைக்க ஒரு பெல்ட் வேண்டும். மெயின்லேண்டுக்குச் சொல்லிவிட்டால் கப்பல் வரும்போது வரும். உனக்கு அதுவரை பொறுமை ஏது? பழைய லாரி டியூபை வெட்டி நீயே ஒரு பெல்ட் ஒட்டிக்கொண்டு வந்தாய்.

"ரப்பர் இழுபடுமே" என்றேன்.

"பாய், மரத்துல பால் வெட்டுன கை இது. ரப்பரப் பத்தி எனக்கே சொல்றீங்களா? நீங்க கம்ப்யூட்டர நம்புங்க, நான் ரப்பர நம்புறேன்."

கட்டை அழகாகச் சுற்றியது. நீ மீசையைத் தடவிக்கொண்டாய். ஆனால் கத்தி ஆழமாக இறங்க இறங்க ரப்பர் இழுபட்டது. மோட்டார் சுற்றியும் கட்டை தயங்கி நின்றது. நின்ற இடத்தையே கத்தி திரும்பத் திரும்பத் தோண்டிவிட்டது. ஒரு பக்கம் பிறைபோல உடுக்கையின் இடுப்பு. மறுபக்கம் எலி கடித்த பள்ளம். கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். "இதுவும் போச்சா?" என்று மட்டும் கேட்டாய்.

மாசி நெருங்கிவிட்டது. பஜாரில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கெஞ்சி, செத்துக் கிடந்த மெஷினிலிருந்து பல் வைத்த பெல்ட்டை உருவிக்கொண்டு வந்தேன். மிச்சமிருந்த பலாத்துண்டை மாட்டினோம். இந்த முறை நீ மோட்டார் மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் சூடு பார்த்துக்கொண்டே நின்றாய். கட்டை வழுக்கவில்லை. உடுக்கை பிறந்தது. உள்ளே நீயே உளியால் குடைந்தாய். என் மச்சானின் கறிக்கடையிலிருந்து மெல்லிய சவ்வு வாங்கி, காயவைத்து இழுத்துக் கட்டினாய்.

அன்று மத்தியானம் கொட்டகையில் நாம் இரண்டு பேர்தான். இடுப்புக் கயிற்றை அமுக்கி ஒரு தட்டு தட்டினாய். உடுக்கை விம்மியது. "அரே, பேசுதே" என்றாய். அடுத்து ரதி பாட்டின் முதல் அடியை எடுத்தாய். இரண்டாவது அடிக்குப் போகவே இல்லை. பலாத்தூளில் குப்புற விழுந்து, மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாய். நான் ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அப்போது மகிழ்ச்சியாக இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் புரியாது. அந்த மாசியிலும் பின்வந்த மாசிகளிலும் நீ முழுதாகப் பாடினாய்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு மூச்சு பத்தவில்லை. "பாட்டு தங்கச்சி பாடிருவா. உடுக்கு நீங்க தட்டுங்க பாய். மன்மதன் உசுரோட எந்திரிச்சதும் கைய நிப்பாட்டிரணும். அதுக்கு மேல தட்டுனா துக்கம் நம்ம கூடவே வீட்டுக்கு வந்துரும்" என்றாய். பள்ளிவாசலும் கடையுமாக இருந்த எனக்கு ஒரு தாளம் கற்றுத்தர உன் தங்கை பட்ட பாடு தனிக்கதை.

நீ இல்லாத இந்த மாசியில் தட்டினேன். தங்கை பாடினாள். குரல் உடைந்தாலும் விடாமல் பாடினாள். மன்மதன் எழுந்தான், குலவைச் சத்தம் எழுந்தது, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கை நிற்கவில்லை. எழுந்து வர வேண்டியவன் இன்னும் வரவில்லை என்றே விரல்களுக்குத் தோன்றியது. கடைசியில் உன் தங்கை கிட்டே வந்து, உடுக்கையின் தோலின்மேல் தன் உள்ளங்கையை மெல்ல வைத்தாள்.