வீரன் காலடியில் உங்கள் டப்பா

அன்புள்ள அருணாவுக்கு,

ஓசூரிலிருந்து அப்பா. நானும் அம்மாவும் என் தொப்பையும் நலம், மூவரில் தொப்பைதான் நன்றாக வளர்கிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமலில்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ கேட்ட டப்பாவை அனுப்பவில்லை, கோபப்படாமல் கடைசிவரை படி. போனில் இடம் பார்த்து யார் வேண்டுமானாலும் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று நீயும் உன் தம்பி ஹரீஷும் பத்து வருஷத்துக்கு முன் குந்தாரப்பள்ளிக்கு உள்ளே நடுகல்லுக்கு அடியில் ஒளித்துவைத்தீர்களே, அதுதான். அவன் ஜூஜுவாடியில் லாரியில் அடிபட்டுப் போன இந்த இரண்டு வருஷமாக நான் குந்தாரப்பள்ளிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள், அதற்குள் எடுத்து அனுப்புங்கள் என்று நீ அழுததால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். எங்கே என்று கேட்ட பக்கத்து வீட்டு சரோஜம்மாளிடம் பெட்டி தேடப் போவதாகச் சொல்லித் தொலைத்தேன், தெரு முழுக்க நான் புதையல் எடுப்பதாகச் சேதி.

பஸ்ஸை விட்டு இறங்கி மாந்தோப்புகளுக்கு நடுவே நடந்தேன். ஆள் அரவமில்லை. போன் என்னை இரண்டு முறை ஒரே பாழுங்கிணற்றடிக்குக் கொண்டுபோய், இடம் வந்துவிட்டது என்றது. அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. காலைத் தூக்கி வைத்து நடடா, கிருஷ்ணகிரி வரைக்கும் கேட்கிறது என்று இருபது வருஷம் உன் தம்பியை நான் திட்டிய அதே தேய்ப்பு. உன் பயந்தாங்கொள்ளி அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை.

ஒருவழியாகக் கண்டுபிடித்த கல்லில், மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன் கத்தியோடு நிற்கிறான். அவன் காலடியில் உங்கள் டப்பாவுக்கும் மஞ்சள், குங்குமம், அரளிப்பூ. எல்லாம் ஆடு மேய்க்கும் கெம்பம்மாவின் வேலை. டப்பாவோடு எழுந்த என்னை மறித்து, பேடா சாமி, வேணாம், வீரங்கிட்ட இருந்து ஒண்ணு எடுத்தா ஒண்ணு வச்சிட்டுப் போவணும், ஒரு பையன் அப்பிடித்தான் செய்வான், செருப்பைத் தேய்ச்சிக்கினே வருவான், இப்பல்லாம் காணோம் என்றாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன், முட்டிவலி என்று சொல்லிக்கொண்டேன். ரோடு வந்தால் என்ன செய்வீர்கள் என்றதற்கு, கல்லை ஏரிக்கரைக்குத் தூக்கினு போவோம், டப்பாவ மட்டும் விட்டுட்டா போவோம், உனக்கு என்னா கவலை என்று அதட்டினாள்.

டப்பாவுக்குள் இருந்த நோட்டில் ஹரீஷ் கடைசியாக எழுதியிருந்தது, போவதற்கு நாலு நாள் முன்பு. அடுத்த வாட்டி அப்பாவை இழுத்துட்டு வரணும், மிளகாய் பஜ்ஜின்னா வந்துடுவார். அதற்குக் கீழே வந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ வைத்த பச்சைக் கோலிகுண்டை எடுத்தேன், இந்த உறையில் இருக்கிறது. பதிலுக்கு, இரண்டு வருஷமாகச் சட்டைப்பையில் சுமந்துவந்த, வண்டியே இல்லாத அவன் வண்டிச் சாவியை வைத்தேன். சாவியை வைத்ததை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, போனில் உளறிவிடாதே. டப்பா அங்கேயே இருக்கட்டும் அருணா. திரும்பும்போது பின்னால் சத்தமே இல்லை. பஸ் வரும்வரை நானே நாலு தடவை செருப்பைத் தேய்த்துப் பார்த்தேன், அந்த மாதிரி வரவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வெளியே போனால் காதுக்குக் குல்லா போடு. நோட்டில் என் பெயருக்குக் கீழே உனக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அப்பா,
குருமூர்த்தி