மரமும் மீனும்

ஆறு வீட்டை ஒரே அடுப்பில் சேர்த்த என் சாந்தி அக்காவுக்கு,

நீ கண் மூடி ஐந்து மாதம். அடுப்பு எரிகிறது. ஷிப்டு இல்லாதவர்கள் சமைக்கிறார்கள். காய்த்தோல் உரக்குழிக்குப் போகிறது. பார்சல் யாரும் வாங்குவதில்லை; டப்பாவோடுதான் கம்பெனி பஸ் ஏறுகிறோம். ஒரகடத்தில் இந்த வாடகை வரிசையில் மட்டும் போன வாரம்வரை கேன் தண்ணீர் இறங்கியதில்லை. கூரைத் தகட்டில் விழும் மழை உன் நீல டிரம்முக்கு வருகிறது. சமைக்கவும் குடிக்கவும் அதுதான்.

அந்த டிரம்மைப் பற்றித்தான் எழுத வேண்டும். பயமாக இருக்கிறது.

காயலான் கடையிலிருந்து நீ அதை உருட்டிக்கொண்டு வந்த நாள். பக்கவாட்டில் ஒரு படம். சிவப்புக் கட்டம், உள்ளே ஒரு மரம், ஒரு மீன்.

"டீச்சரு, நீ காலேஜ் படிச்சவ. இது இன்னா சொல்லுது?"

தெரியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. "சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு அர்த்தம்க்கா."

"மரத்துல ஒரு இலை கூட இல்லியே?"

"படம்தானே. சும்மா கோடு போட்டிருக்காங்க."

நம்பினாய். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மூன்று நாள் வெயிலில் காயவைத்தாய். படத்தை மட்டும் தேய்க்கவில்லை. ஆயுத பூஜையன்று நாங்கள் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தால், நீ அந்த மரத்துக்கும் மீனுக்கும் வைத்திருந்தாய்.

போன வாரம் என்னை கெமிக்கல் பக்கம் மாற்றினார்கள். முதல் நாள் வகுப்பு. திரையில் அதே படம்.

"இது இன்னான்னு சொல்லுங்க," என்றார் சூப்பர்வைசர்.

"மீன் வறுவல் சார்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரித்தோம். நானும்.

"வறுக்கறதுக்கு முன்னாடியே செத்த மீன்பா. உள்ள கீறது தண்ணில கலந்தா மீன் சாவும், மரம் பட்டுப்போவும். அதான் படம்."

இலை இல்லாததை நீ பார்த்தாய். நான் பார்க்கவில்லை.

உன் ஈரல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டோம். பல காரணம் இருக்கலாம் என்றார். அந்தப் பலவற்றில் ஒன்று நான் சொன்ன வார்த்தையா?

பக்கத்து அறை தனத்தின் மகள் நிலாவுக்கு இப்போது இரண்டு வயது. காலையில் உன் கம்பங்கூழ்தான் அவளுக்கு. அவள் விழுங்கும்போதெல்லாம் கண்ணின் வெள்ளையைப் பார்க்கிறேன். மஞ்சளா? வெயிலா?

டிரம்மின் டேப் ரிப்பேர் என்று பொய் சொல்லி, நான்கு நாளாகக் கேன் வாங்கி வைத்தேன். நேற்று தனத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அக்கா போயி ஆறு மாசம் ஆவல. அதுக்குள்ள கேனாடீ?" கேட்டுக்கொண்டே டேப்பைத் திறந்தாள். தண்ணீர் வந்தது. "நல்லாதானே கீது. ரிப்பேராம் ரிப்பேர்."

சொம்பை நிலாவின் வாயருகே கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். சொம்பு உருண்டது. குழந்தை அழுதது.

"உனக்கு இன்னா பைத்தியமா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்கள் என்னை வெறுப்பார்கள் என்பது ஒரு பயம். இன்னொன்று பெரியது. டிரம்மோடு சேர்த்து எல்லாவற்றையும் வீசிவிடுவார்கள். குழி, டப்பா, அடுப்பு. "அப்பவே ஒழுங்கா கேன் வாங்கிருக்கலாம்" என்று ஒருத்தி சொன்னால் போதும். பிறகு உன்னில் எது மிச்சம்?

நாளை ஆயுத பூஜை. டிரம்மை இப்போதே துடைத்துவிட்டார்கள். படையல் பொங்கல் அந்தத் தண்ணீரில்தானாம். அக்கா டிரம் என்கிறார்கள்.

இந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது, அக்கா? பின்னால் உன் முருங்கை. அதைத் தாண்டினால் ஏரி. ஏரியில் மீன்.

இன்று மதியம் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படிப்பேன். நீ கேட்டதை, நான் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல். நிலாவை டாக்டரிடம் தூக்கிப்போவேன். தனம் என்ன திட்டினாலும் கூடவே போவேன். டிரம் காயலான் கடைக்குத் திரும்பாது. இன்னொருத்தி வாசலில் நிற்காது. அடுப்பு அணைந்தால் மறுபடி நான் மூட்டுவேன். தனியாகச் சமைக்க நேர்ந்தாலும் ஆறு வீட்டுக்கு உலை வைப்பேன்.

தெரியாததை இனி தெரியாது என்பேன்.

உன் தங்கச்சி,
நீ டீச்சர் என்று கூப்பிட்டவள்